ஒராண்டாவின் விலாவில் வட்டப் புண்: ஒரு தங்கமீன் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

அக்கா அனுப்பிய படத்தில் அவள் தொட்டியின் பெரிய ஒராண்டா தங்கமீனின் இடது விலாவில் விரல்நுனி அகலத்துக்கு ஒரு வெளிறிய வட்டம் இருந்தது. வட்டத்தின் நடுவே ரத்தச் சிவப்பு. "பூஞ்சையாடா இது? மருந்து ஊத்தி ஒரு வாரம் ஆச்சு, ஆறவே மாட்டேங்குது. இன்னிக்குக் காலைல பாத்தா பக்கத்துல இன்னொண்ணு" என்று கீழே எழுதியிருந்தாள்.

அந்தப் புண்ணுக்கும் தொட்டியின் மற்றக் கோளாறுகளுக்கும் காரணம் தெரிய எங்களுக்கு 12 நாள் பிடித்தது. தொட்டியில் யாரை யாரோடு விடலாம் என்பது ஒரு நிலைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. இடையில் நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். காரணமான மீன்களில் ஒன்றை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதனால் இதைப் பாதியில் விட மனம் வரவில்லை.

தொட்டியில் இருந்தவை

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். கணக்குக்கு 243 லிட்டர். அடியில் போட்ட சரளையும் மேலே விட்ட இடைவெளியும் போக 200 லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று, ஏர் ஸ்டோன் ஒன்று, 26 டிகிரி செல்சியஸில் வைத்த ஹீட்டர் ஒன்று.

தங்கமீன்கள் ஐந்து: ஒராண்டா இரண்டு, ரியூகின் ஒன்று, பிளாக் மூர் ஒன்று, காமெட் ஒன்று. கூடவே டைகர் பார்ப் என்ற வரிபோட்ட சின்ன மீன் ஐந்து. இவற்றோடு, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று நான் கொடுத்த பிளெக்கோ. மீன் வளர்ப்பவர்கள் சக்கர் என்றும் டேங்க் கிளீனர் என்றும் சொல்கிற அதே மீன். கொடுத்தபோது 9 செ.மீ. இருந்தது, 14 மாதத்தில் 22 செ.மீ. ஆகியிருந்தது. சாதாரண பிளெக்கோ 30 செ.மீ.யையும் தாண்டி வளரும். இது எனக்குத் தெரியும். கொடுத்த அன்று அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

எல்லாம் தங்கமீன்தானே, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று அக்கா நினைத்திருந்தாள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உயிரியல் கணக்கில் காமெட்டும் ஒராண்டாவும் ஒரே இனம்தான். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் உடம்புதான் வெவ்வேறாகப் போய்விட்டது. காமெட் கெண்டையின் நீண்ட உடம்பை அப்படியே வைத்திருக்கிறது, ஒற்றை வாலை ஒரு வீசு வீசினால் தொட்டியின் அந்த முனைக்குப் போய்விடும். ஒராண்டாவும் ரியூகினும் முட்டை வடிவம், இரட்டை வால். ஒராண்டாவுக்குத் தலைமேல் சதைக்கொண்டை. கொண்டை வளர வளரக் கண்ணை மறைக்கும். பிளாக் மூரின் கண்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தாலும் பார்வை மந்தம், தீனியை மோப்பத்தால்தான் தேடும். ஆக, இந்தத் தொட்டியில் ஓட முடியாதவை நான்கு, ஓடக்கூடியவை ஏழு. இந்த எண்ணிக்கையை நான் மூன்றாம் நாள்தான் நோட்டில் எழுதினேன். முதல் நாளே எழுதியிருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.

நோய் என்று நம்பிய நாட்கள்

முதல் வேலையாகத் தண்ணீரைச் சோதித்தோம். லிட்டருக்கு அமோனியா 0.25 மில்லிகிராம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 80 மில்லிகிராம். பிஎச் 7.8. அமோனியா பூஜ்யத்தில் இருக்க வேண்டும். நைட்ரேட் 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவை தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன. மீன்கள் போடும் கழிவு அவற்றின் சக்திக்கு மேல் போயிருந்தது. தங்கமீனே நிறையக் கழிவு போடும் மீன். பிளெக்கோ அதற்குச் சளைத்ததில்லை, நாளெல்லாம் நூல் நூலாகக் கழித்துக்கொண்டே இருக்கும். சுத்தம் செய்ய வந்தது என்று நாம் நினைக்கும் மீன்தான் அந்தத் தொட்டியில் அழுக்குக்குப் பெரிய பங்காளி.

ஆனால் கெட்ட தண்ணீர் வட்டமாகப் புண் போடாது. நோயாக இருந்தால் எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம். நங்கூரப் புழுவாக இருந்தால் புண்ணிலிருந்து நூல்போல ஏதாவது தொங்க வேண்டும், ஒன்றும் தொங்கவில்லை. மீன்பேன் என்றால் தட்டையான பூச்சியே கண்ணுக்குத் தெரியும், அதுவும் இல்லை. பூஞ்சை பஞ்சுபோல முளைக்கும், இங்கே மேல்தோல் வழித்தெடுத்ததுபோல மொழுமொழுவென்று இருந்தது. பாக்டீரியாப் புண் என்றுதான் நானும் இரண்டு நாள் சாய்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள், புண்கள் எந்தெந்த மீனில், உடம்பில் எங்கே இருக்கின்றன என்று காகிதத்தில் மீன் படம் வரைந்து குறிக்கச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் குறித்து அனுப்பினாள். ஒராண்டா இரண்டிலும் சேர்த்து ஐந்து, பிளாக் மூரில் இரண்டு, ரியூகினில் ஒன்று. எட்டும் விலாவின் தட்டையான பகுதியில். வயிற்றில் இல்லை, தலையில் இல்லை, வாலடியில் இல்லை. காமெட்டின் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. டைகர் பார்புகளிலும் கிடையாது. ஒரே தண்ணீரில் நீந்தும் 11 மீன்களில் மெதுவாக நீந்தும் நான்கை மட்டும் தேடிப் பிடிக்கும் நோய் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

இன்னொன்றையும் அக்கா போகிறபோக்கில் சொன்னாள். "புதுசா வந்ததெல்லாம் காலைலதான்டா தெரியுது. சாயங்காலம் நல்லாத்தான் இருக்கு."

அப்படியானால் இரவில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இரவுக் காவல்

நான்காம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். இரவு 10 மணிக்குத் தொட்டி விளக்கை அணைத்தோம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் மீன்கள் கலைந்துவிடும், மங்கலான சிவப்பு அந்த அளவுக்குக் கலைப்பதில்லை.

தங்கமீனுக்கு இமை கிடையாது, திறந்த கண்ணோடுதான் தூங்கும். அடிப்பரப்புக்கு அருகே இறங்கி, தலை சற்றுத் தாழ, துடுப்பை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டு நிற்கும். நிறமும் கொஞ்சம் வெளுக்கும். 11 மணிக்கெல்லாம் நான்கும் அப்படி நின்றுவிட்டன. 11:40-க்குப் பிளெக்கோ மரக்கட்டைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. கண்ணாடியில் கொஞ்ச நேரம் ஊர்ந்தது. பிறகு நேராகப் பெரிய ஒராண்டாவிடம் போய் விலாவில் வாயை ஒட்டிக்கொண்டது. ஒராண்டா துள்ளி உதறி இரண்டு அடி தள்ளிப் போய் நின்றது. பிளெக்கோ பின்னாலேயே போனது. மறுபடி ஒட்டியது. அந்த முறை ஒராண்டா உதறுவதற்கு ஆறேழு விநாடி ஆயிற்று.

90 நிமிடத்தில் 11 முறை. அக்கா என் தோளைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினமும் இப்படித்தான் நடந்திருக்குமாடா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

மீனின் மேல் பூசினாற்போல இருக்கிற வழுவழுப்பு அதன் முதல் காப்பு. கிருமியும் ஒட்டுண்ணியும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். அது சத்துள்ள பொருளும்கூட. தொட்டியில் பாசி தீர்ந்து, தனியாகத் தீனியும் கிடைக்காத பிளெக்கோவுக்கு, ஓடாமல் நிற்கும் அகலமான விலா ஒன்று தட்டுப்பட்டால் அதை வழித்துத் தின்னப் பழகிவிடும். ஒருமுறை ருசி கண்டுவிட்டால் பிறகு வயிறு நிறையத் தீனி போட்டாலும் பல மீன்கள் அதை விடுவதில்லை. பிளெக்கோவையும் தங்கமீனையும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் தொட்டியில் எதுவும் நடக்காமலே போகலாம். ஆனாலும் எப்போது தொடங்கும் என்று முன்கூட்டித் தெரியாத பழக்கத்தை நம்பி, தூங்கும் மீனை அதனிடம் விட நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்று விற்கப்படும் மீனும் இதே ரகம். குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும், வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் மேல் ஒட்டத் தொடங்கும்.

அன்று இரவே பிளெக்கோவைப் பிடித்துத் தனித் தொட்டியில் விட்டேன். கெளுத்தி வகை மீன்களுக்கு உள்ள முள் இதற்கும் உண்டு. துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் டப்பாவில் முகந்தேன்.

பகலிலும் ஒரு கணக்கு இருந்தது

பிளெக்கோவை எடுத்ததும் புதுப் புண் வருவது நின்றது. ஆனால் வால் ஓரங்கள் கந்தலாகவே இருந்தன. பிளாக் மூர் நாளுக்கு நாள் மெலிந்தது. அடுத்த ஒரு வாரம் தீனி நேரத்தில் தொட்டிமுன் உட்காரச் சொன்னேன். கையில் கடிகாரத்தோடு அக்கா உட்கார்ந்தாள்.

மிதக்கும் குருணைத் தீனி போட்ட 40 விநாடியில் காமெட்டும் பார்புகளும் முக்கால்வாசியை முடித்துவிட்டன. ஒராண்டாக்கள் மேலே வந்து சேர்வதற்குள் மிச்சமும் குறைந்துவிடும். பிளாக் மூர் மோப்பம் பிடித்துச் சரியான இடத்துக்கு வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. காமெட் யாரையும் கடிக்கவில்லை, முட்டவில்லை. அதன் மேல் குற்றம் சொல்ல எதுவும் கிடையாது. வேகமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வேகமே பக்கத்தில் ஒரு மீனைப் பட்டினி போட்டது. சண்டையே இல்லாத தொட்டியில் ஒரு மீன் மெலிவதை நாம் நோய் என்றுதான் நினைப்போம். இந்த ஆய்வில் எனக்கு அதிகம் உறைத்தது இதுதான்.

டைகர் பார்புகளின் கதை வேறு. நீண்டு தொங்கும் வாலைக் கண்டால் கொத்தாமல் அவற்றால் இருக்க முடியாது. எட்டு பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், பிறருக்குத் தொல்லை குறையும் என்பார்கள். குறையலாம், ஆனால் ஒராண்டாவின் வால் போன்ற ஒன்று கண்முன் ஆடிக்கொண்டிருக்கும்போது அதை நம்ப முடியாது.

வெப்பநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்புக்கும் பிளெக்கோவுக்கும் ஏற்ற சூட்டை வைத்து ஹீட்டர் 26-இல் இருந்தது. ஒராண்டா போன்ற தங்கமீன்களுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 26 டிகிரியில் அது 8.1 ஆகிவிடும். சூடு ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும். போதாததற்கு, அமோனியாவில் நஞ்சாகும் பங்கு சூட்டோடு சேர்ந்து ஏறும்: பிஎச் 7.8 தண்ணீரில் 20 டிகிரிக்குச் சுமார் 2.5 சதவீதமாக இருப்பது 26 டிகிரிக்கு 3.7 ஆகிறது. விருந்தாளிகளுக்காக வைத்த சூட்டில் வீட்டுக்காரர்கள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ரியூகின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியதற்கு இதுதான் காரணம்.

பிரித்தோம்

காமெட் ஒரு நண்பரின் தோட்டக் குளத்துக்குப் போனது. 25 செ.மீ.க்கு மேல் வளரும் மீனுக்கு அதுதான் இடம். டைகர் பார்புகளை ஏற்கெனவே பெரிய கூட்டமாக வளர்ப்பவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பிளெக்கோவுக்கு இடம் கிடைக்கத்தான் ஏழு வாரம் ஆனது. பெரிய தொட்டி வைத்திருப்பவர் கிடைக்கும்வரை என் வீட்டில் வைத்திருந்தேன். ஏரியில் விட்டுவிடலாமே என்று ஒருவர் சொன்னார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் உலகின் பல பகுதிகளில் ஆறு ஏரிகளில் பெருகி, அங்கே காலங்காலமாக வாழும் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொட்டி மீனை எந்த நீர்நிலையிலும் விடக் கூடாது. எனக்கு இதில் சமரசம் கிடையாது.

ஹீட்டரின் சூட்டை நாளுக்கு ஒரு டிகிரி வீதம் குறைத்து, 21-க்குக் கொண்டுவந்தோம். வாரம் இருமுறை 30 சதவீதம் தண்ணீர் மாற்றினோம், குளோரின் நீக்கிய தண்ணீர். வேறு மருந்து எதுவும் போடவில்லை. மூன்று வாரத்தில் புண்கள் மூடின. பெரிய ஒராண்டாவின் விலாவில் ஆறிய இடம் கொஞ்ச நாள் கறுப்பாக இருந்து, பிறகு மறைந்தது.

யாரைத் துணைக்கு விடுவது

"நாலே நாலுதான் இருக்கு, தொட்டி வெறிச்சோன்னு இருக்குடா" என்றாள் அக்கா. தங்கமீனுக்குத் தங்கமீனே போதும், அதே வேகமுள்ள தங்கமீனாக இருந்தால். நான்கு உருண்டை மீன்களுக்கு அந்தத் தொட்டி அளவாகவே இருந்தது. இருந்தாலும் அவள் ஆசையில் தவறில்லை. ஒரே நிபந்தனை வைத்தேன்: எந்த மீனை யோசித்தாலும் பிளாக் மூரை மனதில் வைத்து யோசிக்க வேண்டும். தொட்டியிலேயே கண் மந்தமான, மெதுவான மீன் அதுதான். அதற்கு ஒத்துவந்தால் மற்ற மூன்றுக்கும் ஒத்துவரும்.

அவள் முதலில் கேட்டது கோரிடோரஸ். சின்னக் கெளுத்தி வகை, சாதுவான மீன், அடியில் கிடப்பதைத் தின்னும். நான் மறுத்ததற்குக் காரணம் தங்கமீனின் வாய். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. நாளெல்லாம் எதையாவது வாயில் போட்டு, தொண்டையில் உள்ள பற்களால் அரைத்து, வேண்டாததைத் துப்பும். நமக்குக் கை எப்படியோ அதற்கு வாய் அப்படி. சிறு கோரிடோரஸ் வாய்க்குள் போனால் துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். கெளுத்தி முள் விரலில் குத்தியவர்களுக்கு அந்த வலி தெரியும். தங்கமீனின் தொண்டையில் அது பூட்டிக்கொண்டால் இரண்டு மீனும் சாகும். பாசி தின்னும் சின்னக் கெளுத்தியான ஓட்டோசின்க்ளஸ் வேண்டாம் என்றதும் இதற்காகவே. நியான் டெட்ராவுக்குச் சூடு வேண்டும், அதோடு அது வாயளவு மீன். பெட்டாவுக்கும் சூடு வேண்டும். இறாலை விட்டால் தீனியாகிவிடும். கோய் வளர்ந்தால் 60 செ.மீ.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று டோஜோ லோச். நமக்குத் தெரிந்த அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்தது, 15 முதல் 20 செ.மீ. வரை வளரும், குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், யாரையும் கொத்தாது, தங்கமீன் விழுங்க முடியாத நீளம். ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசிக்கும். ஆனால் மணலில் புதையும் மீன், சரளை உடம்பைக் கிழிக்கும். தங்கமீன் வாயில் சரளை சிக்கும் ஆபத்தும் இருந்ததால் முழுச் சரளையையும் எடுத்துவிட்டு மென்மணல் போட்டோம். மூடியில் குழாய் போகும் இடைவெளிகளை ஸ்பாஞ்சு வைத்து அடைத்தோம். விரல் நுழையும் சந்து இருந்தால் லோச் வெளியே வந்துவிடும்.

மற்றது ஒயிட் கிளவுட் மினோ. சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய வெண்மேக மலையின் பெயரைத் தாங்கிய 4 செ.மீ. மீன். 16 முதல் 22 டிகிரி அதற்குச் சுகம். சின்னதாக இருக்கிறதே என்ற தயக்கம் எனக்கு இருந்தது. சுறுசுறுப்பான மீன், தப்பித்துக்கொள்ளும் என்று நம்பிப் பத்து வாங்கினோம்.

இரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் நான்கு வாரம் வைத்திருந்து பிறகு விடுவது என்று முடிவு. ஒன்பதாம் நாள் இரண்டு மினோக்களின் மேல் உப்பு தூவியதுபோல வெண்புள்ளி. நேராகப் பெரிய தொட்டியில் விட்டிருந்தால், அப்போதுதான் தோல் மூடிக்கொண்டிருந்த ஒராண்டாக்களின் மேல் அது ஏறியிருக்கும். வெண்புள்ளி ஒட்டுண்ணியின் சுழற்சி சூடான தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே குளிர்நீர் மீனுக்கு இரண்டு வாரத் தனிமை போதாது. மருந்து கொடுத்து, கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து மறுபடி நான்கு வாரம் எண்ணினோம். அக்கா ஒரு நாள்கூட அவசரப்படவில்லை.

அதன் பிறகு

மூன்று லோச்களும் முதல் நாளே மணலுக்குள் போய்விட்டன. ஒரு வாரம் தலை மட்டும் தெரிந்தது. பிறகு தீனி நேரத்தில் ஒராண்டாக்களின் வயிற்றுக்கடியில் புகுந்து சிந்தியதைப் பொறுக்கத் தொடங்கின. மிதக்கும் தீனியை நிறுத்திவிட்டு, அடியில் அமரும் குருணையை இரண்டு இடத்தில் போட்டோம், பிளாக் மூருக்கு அதன் மூக்குக்குமுன். நான்கு மாதத்தில் அதன் முதுகு மறுபடி உருண்டது.

இரண்டு மாதத்துக்குப் பின் பத்து மினோக்களில் ஏழுதான் இருந்தன. பிணம் எதுவும் கிடைக்கவில்லை. பகலில் தங்கமீன் அவற்றைப் பிடித்ததை யாரும் பார்த்ததில்லை. விளக்கணைந்தபின் தாழ இறங்கி நின்றவற்றை ஒராண்டா வாயில் போட்டிருக்கும் என்பது என் கணிப்பு. தொலைந்த மூன்றும் கூட்டத்தில் சின்னவை. மிச்சம் ஏழும் 4 செ.மீ. எட்டியவை, அதன்பின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனாலும் இதை நான் வெற்றி என்று எழுத மாட்டேன். மூன்று மீன் போனது என் கணக்குப் பிழையால். "இன்னும் அஞ்சு வாங்கிப் போடலாமாடா" என்று அக்கா கேட்டபோது வேண்டாம் என்றேன். ஒராண்டா இன்னும் வளரும், அதன் வாயும் வளரும்.

நத்தையும் விட்டுப் பார்த்தோம். மிஸ்டரி ஸ்னெய்லின் நீண்ட உணர்கொம்புகளைப் புழு என்று நினைத்து ரியூகின் இழுத்துக்கொண்டே இருந்ததால் இரண்டே நாளில் எடுத்துவிட்டோம். கெட்டி ஓட்டோடு கண்ணாடியில் அப்பிக்கிடக்கும் நெரைட் நத்தைகள் நான்கு இன்றும் இருக்கின்றன. நன்னீரில் அவற்றின் குஞ்சு பிழைக்காது, பெருகித் தொல்லை தராது. பிளெக்கோவிடம் எதிர்பார்த்த பாசி வேலையை இவைதான் செய்கின்றன.

எட்டாம் மாதம் ஒரு காலை அக்காவிடமிருந்து பதறிய அழைப்பு. சின்ன ஒராண்டா பெரியதை விடாமல் துரத்துகிறது, வயிற்றில் முட்டுகிறது என்றாள். செவுள் மூடியைப் பார்க்கச் சொன்னேன். குண்டூசி முனைபோல வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. அது ஆண், இனப்பெருக்கக் காலத்துப் பொட்டு. பெரியது பெண் என்று அன்றுதான் தெரிந்தது. முன்பு பிளெக்கோ துரத்தியதைப் பார்த்திருந்ததால் அக்காவுக்குத் துரத்தல் என்றாலே பயம். பெரியது களைத்துப்போகாமல் இருக்க இரண்டு நாள் நடுவில் வலைத் தடுப்பு வைத்தோம், பிறகு அடங்கியது.

போன வாரம் அக்கா வீட்டில் தங்கினேன். இரவு 11:30-க்கு அதே சிவப்புக் காகிதம் கட்டிய டார்ச்சோடு இருவரும் உட்கார்ந்தோம். தங்கமீன்கள் நான்கும் மணலுக்கு மேல் நின்று தூங்கின. லோச் ஒன்று பெரிய ஒராண்டாவின் அடியில் ஊர்ந்து மறுபுறம் போனது. ஒராண்டாவின் துடுப்புகூட நிற்கவில்லை, அசைந்தபடியே இருந்தது. 90 நிமிடம் பார்த்துவிட்டு, முதல் இரவில் 11 என்று எழுதிய கட்டத்துக்கு நேரே 0 என்று எழுதினேன்.